வாளியை இழுத்த கைக்குத் தெரியும்: மெடிசினுக்குப் படிக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு பௌதிகவியல் வழிகாட்டி

கிணற்றில் இருந்து 10 கிலோகிராம் திணிவுள்ள வாளியை மாறா வேகத்தில் மேலே இழுக்கிறீர்கள். கயிற்றில் உள்ள இழுவை எவ்வளவு?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஓலைக் கொட்டிலில் உயர்தர உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொரு பிரிவிடமும் முதல் நாள் கேட்கும் கேள்வி இது. போன வருடம் ஒரு பிள்ளை உடனே கை உயர்த்தினாள். சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்தவள், மெடிசின்தான் வேண்டும் என்று வந்தவள்.

"100 நியூற்றனை விடக் கூட, சேர்."

"ஏன் பிள்ளை?"

"கூட இல்லாட்டி வாளி எப்பிடி மேல வரும்?"

மற்றவர்களும் தலையாட்டினார்கள். "விளையுள் விசை சமன் திணிவு தர ஆர்முடுகல்" என்பது அவளுக்குப் பாடம். கேட்டால் நித்திரையிலும் சொல்வாள். "மாறா வேகம் எண்டால் ஆர்முடுகல் எவ்வளவு?" என்றேன். "பூச்சியம்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப விளையுள் விசையும் பூச்சியம்... 100 தானா சேர்?"

அவள் சரியாகச் சொன்னாலும் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பக்கத்து வீட்டு மீன்காரர் தொங்கவிட்டு நிறுக்கும் விற்றராசை வாங்கி, அரை வாளித் தண்ணீரை அதில் கொழுவி, கொட்டிலுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றடிக்குப் போனோம். தூக்கத் தொடங்கிய கணத்தில் முள் ஒரு துள்ளுத் துள்ளிக் கூடியது. ஒரே சீராக மேலே வரும்போது வாளி சும்மா தொங்கும்போது காட்டிய இடத்துக்கே முள் வந்து நின்றது. மேலே வந்து நிறுத்தும்போது அதற்கும் கீழே இறங்கியது. மூன்று தரம் தானே இழுத்துப் பார்த்த பிறகுதான் அவள் கொப்பியை எடுத்தாள். சின்ன வயதில் இருந்து தண்ணீர் அள்ளும் கைக்கு இது தெரிந்த விசயம். தொடங்கும்போது பாரம், இடையில் அவ்வளவு இல்லை, நிறுத்தும்போது லேசு. பேனைக்குத்தான் தெரியாமல் இருந்தது.

நான் முதல் சில வருடங்கள் சூத்திரத்தை முதலில் எழுதிப் போட்டு, கணக்குகளைப் பிறகு கொடுத்துத்தான் படிப்பித்தேன். கெட்டிக்காரப் பிள்ளைகள்கூடப் பல்தேர்வு வினாக்களில் சறுக்கினார்கள். அது பிள்ளைகளின் பிழை இல்லை, என் ஒழுங்கின் பிழை. இப்போது ஒழுங்கை மாற்றிவிட்டேன்: முதலில் சொல், பிறகு படம், பிறகு பருமட்டான அளவு, கடைசியில்தான் சூத்திரம். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

பரீட்சையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பௌதிகவியலுக்கு இரண்டு பத்திரங்கள். முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்கள், 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடமும் 24 செக்கனும். இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலம். அதன் முதற் பகுதியில் நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்கள், நான்கும் கட்டாயம், பெரும்பாலும் ஆய்வுகூடச் செய்முறைகளைச் சுற்றியே வரும். அடுத்த பகுதியில் ஆறு கட்டுரை வினாக்கள், நான்குக்கு எழுத வேண்டும்.

கணிப்பானுக்கு அனுமதி இல்லை. இதை ஒரு கஷ்டமாகவே பிள்ளைகள் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் இது உங்களுக்குச் சாதகம். கணிப்பான் இல்லாத பத்திரத்தில் வினா தயாரிப்பவர் இலக்கங்களை இலகுவாக வைத்து, கஷ்டத்தை யோசனையில் வைக்கிறார். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுக்கச் சொல்வதும் அதனால்தான். ஒரு விடைக்கு நீளமான பெருக்கல் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றால், அநேகமாகக் குறுக்கு வழி ஒன்று கண்ணில் படவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. "பயோதானே முக்கியம், பிசிக்ஸுக்கு ஒரு சி காணும்" என்று சில வீடுகளில் சொல்வார்கள். அது பிழை. ஒவ்வொரு பாடத்திலும் உங்கள் புள்ளி எல்லோருடைய சராசரியில் இருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நியம விலகலால் வகுத்து வருவதுதான் இசட் புள்ளி. மூன்று பாடத்தினதும் இசட் புள்ளிகளின் சராசரிதான் உங்கள் இறுதிப் புள்ளி. உயிரியலுக்கு என்ன பாரமோ அதே பாரம்தான் பௌதிகவியலுக்கும். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் தரவரிசைப்படி, 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு மருத்துவத்தில் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். அந்த விளிம்பில் நிற்கும்போது பௌதிகவியலில் கூடுதலாகச் சரிவரும் நாலு பல்தேர்வு வினா பெரிய விசயம்.

முதலாம் படி: எதைக் கையில் வைத்திருப்பது

தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் இணையத்தில் இலவசம். போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வழிகாட்டி ஆசிரியருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு அலகுக்கும் எத்தனை பாடவேளை ஒதுக்கியிருக்கிறார்கள், எது பாடத்திட்டத்துக்குள், எது வெளியே என்று அதில் இருக்கும். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு நிறுவலுக்கு இரண்டு கிழமை செலவழித்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

கடந்தகால வினாத்தாள்களோடு புள்ளியிடும் திட்டத்தையும் சேர்த்து வாங்குங்கள். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகள் கிடைத்தால் விடவேண்டாம். எந்த வினாவில் நாட்டுப் பிள்ளைகள் அதிகம் தவறினார்கள், என்ன பிழை விட்டார்கள் என்று திருத்தியவர்களே எழுதியிருப்பார்கள்.

நல்ல தடித்த கொப்பி ஒன்றும் வேண்டும். அது குறிப்புக் கொப்பி அல்ல. அதைப்பற்றி மூன்றாம் படியில் சொல்கிறேன்.

வீடியோ பார்த்துப் படிக்கிறவர்களுக்கு

ஊரில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் உண்டு. அப்படியான பிள்ளைகள் போனில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பாடங்களைப் பார்க்கிறார்கள். நல்ல விளக்கங்கள், பாருங்கள். ஆனால் கலைச்சொல் விசயத்தில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது.

நாங்கள் திணிவு என்பதை அவர்கள் நிறை என்பார்கள். நாங்கள் நிறை என்பது அவர்களுக்கு எடை. எங்கள் வினாத்தாளில் "பொருளின் நிறை 20" என்று வந்தால் அது நியூற்றனில் உள்ள விசை. அவர்கள் பாடத்தில் நிறை என்றால் கிலோகிராம். அமுக்கம் அங்கே அழுத்தம். இங்கேயோ அழுத்தம் என்றால் மின்னழுத்தம். எங்கள் கதி அவர்களுக்கு வேகம், எங்கள் வேகம் அவர்களுக்குத் திசைவேகம், ஆர்முடுகல் முடுக்கம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரலாக இந்தச் சொற்களை எழுதி வைத்துக்கொண்டு வீடியோ பாருங்கள். தெரிந்த கணக்கில் திணிவையும் நிறையையும் மாற்றிப்போட்டுப் பத்து மடங்கு பிழைத்த விடைகளை நான் திருத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பௌதிகவியல் தெரியாமல் இல்லை.

இரண்டாம் படி: எந்த ஒழுங்கில் படிப்பது

அளவீடு, பிறகு பொறியியல் (விசையும் இயக்கமும் பற்றிய மெக்கானிக்ஸ்). இதை மாற்றவேண்டாம். பொறியியலில் விசைப்படம் கீறத் தெரியாமல் மின்புலத்துக்குப் போனால் அங்கேயும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் இணைந்த கணிதம் படிப்பதில்லை என்பதால் காவிகளைப் பிரிப்பது, முக்கோண கணிதம், மடக்கை ஆகியவற்றுக்கு முதல் மாதத்தில் தனியாக நேரம் ஒதுக்குங்கள். இதை ஒருவரும் வகுப்பில் சொல்லித்தர மாட்டார்கள், உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ஈர்ப்புப் புலத்தையும் நிலைமின் புலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டிலும் தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு, இரண்டிலும் புலச்செறிவு, இரண்டிலும் அழுத்தம். வித்தியாசம் ஒன்றுதான்: திணிவுக்கு ஒரே குறி, ஏற்றத்துக்கு இரண்டு குறி. ஒன்றை விளங்கினால் மற்றது பாதி விலைக்குக் கிடைக்கும்.

இலத்திரனியலைப் பயந்து ஒதுக்குகிறார்கள். அது சிறிய அலகு. இருவாயி, திரான்சிற்றர், தருக்கப் படலைகள் என்று இரண்டு கிழமை ஒழுங்காக இருந்தால் முடியும். வினாக்களும் அவ்வளவாக உருமாறி வருவதில்லை.

மூன்றாம் படி: ஒரு கருத்தை நாலு தரம் எழுதுவது

இதுதான் முக்கியமான பகுதி. தடித்த கொப்பியில் ஒரு கருத்துக்கு இரண்டு பக்கம். முதலில் குறியீடு ஒன்றும் இல்லாமல் உங்கள் சொந்தச் சொல்லில் எழுதுங்கள். அடுத்து படம். பிறகு, ஒன்றை இரண்டு மடங்காக்கினால் என்ன, பூச்சியமாக்கினால் என்ன என்று கேட்டு விடையை ஊகியுங்கள். எல்லாவற்றுக்கும் பிறகுதான் சூத்திரமும் அலகும். எழுதியதை வீட்டில் ஒருவருக்கு வாயால் சொல்லுங்கள். அம்மம்மா போதும். அவர் "ஏன்?" என்று கேட்கும் இடத்தில் நீங்கள் நின்றுவிட்டால், அந்த இடம் உங்களுக்கு விளங்கவில்லை.

இரணைமடுவை வைத்துச் செய்து காட்டுகிறேன். குளம் நிரம்பினால் 36 அடி. கிட்டத்தட்ட 11 மீற்றர். சொல்லில்: ஓர் இடத்தில் தண்ணீரின் அமுக்கம் என்பது அந்த இடத்துக்கு மேலே நிற்கும் தண்ணீரின் நிறையை, அது தாங்கும் பரப்பால் பிரித்த பங்கு. படம்: குளத்தின் குறுக்குவெட்டு, அணைக்கட்டில் மேலே குட்டை அம்பு, கீழே போகப் போக நீண்ட அம்பு, எல்லாம் கட்டுக்குச் செங்குத்தாக. ஊகம்: குளத்தின் நீளம் பாதியானால் கட்டின் அடியில் அமுக்கம் குறையுமா? இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும். "அவ்வளவு தண்ணி குறைஞ்சா அமுக்கமும் குறையும்தானே சேர்" என்பார்கள். குறையாது. ஆழம்தான் கணக்கு, தண்ணீர் எவ்வளவு தூரத்துக்குப் பரந்து கிடக்கிறது என்பது கணக்கே இல்லை. 11 மீற்றர் ஆழக் கிணறு ஒன்றின் அடியிலும் இதே அமுக்கம்தான். கட்டு அடியில் ஏன் அகலம் என்பதும் இப்போது தானாக விளங்கும்.

கடைசியில் சூத்திரம்: ஆழம் தர அடர்த்தி தர புவியீர்ப்பு ஆர்முடுகல். 11 தர 1000 தர 10. விடை 1.1 × 10⁵ பாஸ்கல். வளிமண்டல அமுக்கமே சுமார் 10⁵ பாஸ்கல்தான். ஆக, குளம் நிரம்பி நிற்கும்போது அதன் அடியில் இருக்கும் மீனுக்கு மேலே இன்னுமொரு வளிமண்டலம் ஏறி நிற்கிறது. இப்படி ஓர் அளவு மனதில் பதிந்துவிட்டால், எங்காவது 10⁸ பாஸ்கல் என்று விடை வரும்போது கை தானாக நிற்கும்.

நான்காம் படி: ஒன்றில் இருந்து மற்றதுக்குப் பாலம் போடுவது

அதே அமுக்கத்தை ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கொண்டுபோவோம். சேலைன் போத்தலை ஏன் உயரத்தில் தொங்கவிடுகிறார்கள்? நோயாளியின் கையில் இருந்து 1 மீற்றர் உயரத்தில் போத்தல் இருந்தால், அந்தத் தண்ணீர் நிரல் கொடுக்கும் அமுக்கம் 10⁴ பாஸ்கல், அதாவது கிட்டத்தட்ட 75 மில்லிமீற்றர் இரசம். கையில் உள்ள நாளத்தின் அமுக்கம் அதில் ஒரு சிறு பகுதிதான். அதனால் சேலைன் உள்ளே போகிறது. போத்தலைக் கட்டிலில் வைத்துவிட்டால் குழாய்க்குள் இரத்தம் திரும்பி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பாய்ச்சலை ஓட்டுவது அமுக்கம் அல்ல, அமுக்க வித்தியாசம். இந்த வசனத்தைக் கொப்பியில் பெரிதாக எழுதுங்கள்.

அடுத்து, எவ்வளவு வேகமாகப் போகும்? இங்கே புவாசேயின் சூத்திரம் வருகிறது. ஒடுங்கிய குழாயில் ஒரு செக்கனில் பாயும் கனவளவு, அமுக்க வித்தியாசத்துக்கு நேர் விகிதம், குழாயின் நீளத்துக்கும் பாயத்தின் பிசுக்குமைக்கும் நேர்மாறு. ஆரைக்கு வரும்போது நாலாம் அடுக்கு. ஆரை பாதியானால் பாய்ச்சல் பாதி அல்ல, காலும் அல்ல, பதினாறில் ஒன்று. மற்றதெல்லாம் மாறாவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் முடிய வேண்டிய போத்தலுக்கு 16 மணித்தியாலம் ஆகும். விபத்தில் இரத்தம் போய் வருகிறவருக்குத் தடித்த ஊசி போடுவதன் காரணம் இதுதான். நாடியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து ஆரை கொஞ்சம் குறைந்தாலே இதயம் படும் பாட்டின் காரணமும் இதுதான். உயிரியலில் படிக்கும் சுற்றோட்டத் தொகுதியை இந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இன்னும் ஒரு பாலம் இருக்கிறது. அமுக்க வித்தியாசத்தின் இடத்தில் அழுத்த வித்தியாசத்தையும், பாய்ச்சலின் இடத்தில் மின்னோட்டத்தையும் வைத்துப் பாருங்கள். ஓமின் விதி நிற்கிறது. மின்குமிழ் மின்னோட்டத்தைத் "தின்றுவிடுகிறது" என்று நினைக்கும் பிள்ளைக்கு நான் சொல்வது: வாய்க்காலில் ஒரு மதகைத் தாண்டிய பிறகு தண்ணீர் குறைந்துவிடுமா? கசிவு இல்லை என்றால் வந்த தண்ணீர்தான் போகிறது. குறைவது மட்டம். சுற்றில் குறைவது அழுத்தம், மின்னோட்டம் அல்ல. இதை விளங்கிய பிள்ளைக்குக் கேர்ச்சோப்பின் இரண்டு விதிகளும் புதிய விதிகளே இல்லை.

ஓர் எச்சரிக்கை. பேணூலியின் தத்துவத்தையும் புவாசேயையும் குழப்பாதீர்கள். பிசுக்குமை இல்லை என்று எடுத்துக்கொண்டால் பேணூலி: ஒடுங்கிய இடத்தில் கதி கூடும், அமுக்கம் குறையும். பிசுக்குமையே கதாநாயகன் என்றால் புவாசே: குழாய் நெடுகிலும் அமுக்கம் இறங்கிக்கொண்டே போகும். வினாவில் "பிசுக்குமையற்ற" என்று ஒரு சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனையை எடுங்கள்.

ஐந்தாம் படி: பிழையான நம்பிக்கைகளைத் தேடிப் பிடிப்பது

கருத்துப் பிழைகள் பெரும்பாலும் அறியாமையால் வருவதில்லை. ஏற்கனவே மனதில் நல்ல உறுதியாக ஒன்று இருப்பதால் வருகின்றன. வாளிக் கணக்கு ஒன்று. இன்னும் இரண்டைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாண ரயில் கிளிநொச்சியைக் கடக்கும்போது கோன் அடிக்கிறது. ரயில் நெருங்க நெருங்கச் சுருதி கூடிக்கொண்டே வருகிறது என்று எழுதுகிறார்கள். நெருங்க நெருங்கக் கூடுவது சத்தத்தின் உரப்பு. ரயில் மாறா வேகத்தில் நேரே உங்களை நோக்கி வந்தால், கேட்கும் மீடிறன், அதாவது சுருதியைத் தீர்மானிக்கும் அதிர்வு எண்ணிக்கை, மாறாது. கூடிய ஒரே மீடிறனாகவே வரும், தாண்டியவுடன் குறைந்த ஒரே மீடிறனாக விழும். கோனின் மீடிறன் 640 ஹேட்ஸ், ரயிலின் வேகம் செக்கனுக்கு 20 மீற்றர், ஒலியின் வேகம் 340 என்று வையுங்கள். வரும்போது 640 தர 340 பிரி 320, அதாவது 680. போகும்போது 640 தர 340 பிரி 360, சுமார் 604. இந்தக் கணக்கில் ரயில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற தரவே இல்லை, கவனித்தீர்களா? தூரம் சூத்திரத்தில் இல்லை என்றால் நெருங்குவதால் மீடிறன் மாற வழியில்லை. சூத்திரத்தில் எது இருக்கிறது என்று பார்ப்பதைப் போல எது இல்லை என்றும் பாருங்கள்.

மற்றது மண்பானை. சோளகம் அடிக்கும் ஆடி மாதத்தில் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. கார்த்திகை மழைக்குள் அதே பானையில் அவ்வளவு குளிர் இல்லை. "வெளியே வெக்கை கூடினால் பானைக்குள் குளிர் கூடும்" என்று ஒரு பிள்ளை விதி போலவே எழுதி வைத்திருந்தான். பானை குளிர்வது, சுவரில் கசிந்த நீர் ஆவியாகும்போது மறைவெப்பத்தை உள்ளே இருக்கும் தண்ணீரிடம் இருந்து எடுப்பதால். ஆவியாதலின் வீதத்தைத் தீர்மானிப்பதில் வளியின் ஈரப்பதனுக்கும் காற்றோட்டத்துக்கும் பெரிய பங்கு. மழைக்காலத்தில் சாரீரப்பதன் 100 சதவீதத்தை நெருங்கும்போது ஆவியாக இடமில்லை. காய்ச்சல்காரருக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டு விசிறுவதும், வியர்த்தும் உடம்பு ஆறாத புழுக்க நாட்களும் இதே பக்கத்தில் எழுதவேண்டியவை.

உங்கள் சொந்தப் பிழை நம்பிக்கைகளைக் கண்டுபிடிக்க வழி ஒன்று உண்டு. பல்தேர்வு வினாவில் விடையைத் தெரிவுசெய்தவுடன், புள்ளியிடும் திட்டத்தைப் பார்க்க முன்பு, மற்ற நான்கும் ஏன் பிழை என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். ஒன்றுக்கு எழுத முடியாவிட்டால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு நாளைக்குப் பத்து வினா செய்தாலே போதும்.

ஆறாம் படி: ஆய்வுகூடம் இல்லாவிட்டாலும் செய்முறை

பல பாடசாலைகளில் திருசியமானி ஒன்றைப் பெட்டிக்குள் பார்த்ததோடு சரி. அமைப்புக் கட்டுரையோ செய்முறையைத்தான் கேட்கிறது. உபகரணம் இல்லை என்று செய்முறையை வாசித்து மட்டும் படித்தால், "இந்தப் படிமுறையின் காரணம் என்ன?" என்ற இடத்தில் எழுத ஒன்றும் இருக்காது. செய்யக்கூடியதைக் கையால் செய்யுங்கள்.

எளிய ஊசலைப் பாருங்கள். நூலில் ஒரு கல்லைக் கட்டி மாமரக் கிளையில் தொங்கவிடுங்கள். தொங்கும் புள்ளியில் இருந்து கல்லின் மையம் வரை 1 மீற்றர் வைத்தால் ஓர் அலைவுக்குச் சுமார் 2 செக்கன். ஒரே ஓர் அலைவைப் போனில் நேரம் பிடித்தால் உங்கள் விரல் 0.2 செக்கன் பிந்தலாம். 2 செக்கனில் அது 10 சதவீத வழு. 20 அலைவுகளைச் சேர்த்துப் பிடியுங்கள், 40 செக்கனில் அதே 0.2 செக்கன். வழு 0.5 சதவீதம். "ஏன் 20 அலைவுகள்?" என்ற வினாவுக்கு இனி நீங்கள் பாடமாக்கிய வசனம் தேவையில்லை.

நீளத்தை மாற்றி மாற்றி ஆறு வாசிப்பு எடுத்து, அலைவு காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே வரைபாக்குங்கள். படித்திறன் (கோட்டின் சாய்வு) 4க்குக் கிட்ட வரும். அப்புறம் வேண்டுமென்றே ஒரு பிழை விடுங்கள்: நீளத்தைக் கல்லின் மையம் வரை அளக்காமல் நூல் முடிச்சு வரை மட்டும் அளந்து, அதே வரைபை மறுபடி கீறுங்கள். கோடு உற்பத்தியின் (இரண்டு அச்சும் பூச்சியமாகும் புள்ளியின்) ஊடாகப் போகாது, ஆனால் படித்திறன் மாறாது. ஏன் என்று அரை மணித்தியாலம் யோசியுங்கள், யாரிடமும் கேட்காதீர்கள். முறைமையான வழு வெட்டுத்துண்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது, படித்திறன் தப்பிக்கிறது. விஞ்ஞானிகள் ஒரே ஒரு வாசிப்பை நம்பாமல் வரைபு கீறுவதன் காரணத்தை உங்கள் மாமரத்தடியில் கண்டுபிடித்துவிட்டீர்கள். சுரமானி, அழுத்தமானி, மீற்றர்ப் பாலம் எல்லாவற்றிலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: எதற்கு எதிரே எதை வரைகிறோம், படித்திறனில் என்ன இருக்கிறது, வெட்டுத்துண்டில் என்ன இருக்கிறது.

வேணியர் இடுக்கிமானி, திருகுக் கணிச்சி, நகரும் நுணுக்குக்காட்டி மூன்றையும் எப்படியாவது ஒரு நாள் கையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் பாடசாலையில் இல்லாவிட்டால் பக்கத்துப் பெரிய பாடசாலையின் ஆசிரியரிடம் மூன்று, நான்கு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். நான் அனுப்பிய பிள்ளைகளை இதுவரை ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை.

ஏழாம் படி: கடந்தகால வினாத்தாள்

முதல் சுற்று அலகு வாரியாக, நேரம் பார்க்காமல். ஓர் அலகு முடிந்த கிழமையே அந்த அலகின் பழைய வினாக்கள். இரண்டாம் சுற்று வருட வாரியாக, மணிக்கூடு வைத்து, 50 வினாவும் ஒரே இருப்பில். இந்தச் சுற்றைப் பரீட்சைக்கு ஐந்து மாதத்துக்கு முன்பாவது தொடங்குங்கள்.

பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும் மூன்றில் ஒன்றைப் பக்கத்தில் எழுதுங்கள்: கருத்து, வாசிப்பு, கணக்கு. ஒரு மாதத்தில் எது கூட என்று தெரியும். கருத்துப் பிழை கூட என்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள், மேலும் மேலும் வினாத்தாள் செய்வதில் பயன் இல்லை. வாசிப்புப் பிழை என்றால் "மாறா", "ஒப்பமான", "இலேசான", "தவறானது எது" போன்ற சொற்களுக்குக் கீழ் கோடு போட்டுப் பழகுங்கள். கணக்குப் பிழை என்றால் பத்தின் அடுக்குகளையும் பின்னங்களையும் தினமும் பத்து நிமிடம்.

கணக்கைச் செய்யாமலே விடைகளை வெட்டவும் பழகுங்கள். சமாந்தரமாக இணைத்த தடைகளின் சமவலுத் தடை, அவற்றுள் சிறியதை விடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஐந்து விடைகளில் இரண்டு அப்போதே போய்விடும். உராய்வுக் குணகம் பூச்சியமானால் விடை என்ன ஆக வேண்டும் என்று யோசித்து, அதற்கு ஒத்துவராத கோவைகளை வெட்டுங்கள். அலகு பொருந்தாத கோவையைப் பார்த்தவுடனே வெட்டலாம்.

நாள் ஒழுங்கு

ஒரு நாளில் பௌதிகவியலுக்கு ஒன்றரை மணித்தியாலம் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும். ஞாயிறு முழுக்க பௌதிகவியல், மற்ற நாளில் இல்லை என்ற ஒழுங்கு சரிவராது. புதுக்குடியிருப்பு, மல்லாவி போன்ற இடங்களில் இருந்து ரியூசனுக்குப் பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்குப் போக வரவே அரை நாள் முடிகிறது. பஸ்ஸில் கணக்குச் செய்ய முடியாது, ஆனால் மூன்றாம் படியின் முதல் வேலையைச் செய்யலாம்: ஒரு கருத்தைக் குறியீடு இல்லாமல் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது. பஸ் பிரேக் பிடிக்கும்போது நீங்கள் ஏன் முன்னுக்குச் சாய்கிறீர்கள், எந்த விசை உங்களைத் தள்ளியது? ஒன்றும் தள்ளவில்லை என்று உங்களுக்கு நீங்களே விளங்கப்படுத்தி முடிக்கும்போது முறிகண்டி வந்திருக்கும்.

மாரியில் கரண்டும் போகும், பாதையும் போகும். ஐப்பசிக்கு முன்பே தேவையான கோப்புகளைப் போனில் இறக்கி, முக்கியமான வினாத்தாள்களை அச்செடுத்து பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். வெட்டுக் காலத்தில் வயலுக்குப் போக வேண்டிய பிள்ளைகளிடம் நான் சொல்வது, அந்தக் கிழமைகளில் புதிய அலகு தொடங்காதீர்கள், பழைய பிழைகளை மட்டும் திருப்பிப் பாருங்கள்.

முதல் தடவை சரிவராவிட்டால், பல்கலைக்கழகத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். இரண்டாம் முறை எடுக்கும் பிள்ளைகள் பழைய குறிப்புகளையே மறுபடி வாசிக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். முதல் தடவைப் பிழைகள் எல்லாம் அந்தக் குறிப்புகளுக்குள்தான் இருந்தன. புதிய கொப்பி எடுத்து வாளியில் இருந்து தொடங்குங்கள்.

மண்டபத்துக்குள்

இரண்டாம் பத்திரத்துக்கு மேலதிகமாக 10 நிமிட வாசிப்பு நேரம் தருகிறார்கள். ஆறு கட்டுரை வினாக்களையும் அந்த நேரத்தில் கடைசிப் பகுதி வரை வாசியுங்கள். முதல் இரண்டு வரி தெரிந்த மாதிரி இருந்து, கடைசிப் பகுதியில் கழுத்தறுக்கும் வினாக்கள் உண்டு. இரத்தக் குழாய், கண், செவிப்புலன் கருவி, கழியொலி என்று தொடங்கும் நீண்ட பந்தி வந்தால் பயப்படாதீர்கள். உயிரியல் பிரிவுப் பிள்ளைக்கு அது வீட்டு முற்றம். பந்தியில் தரவுகளுக்கு மட்டும் கோடு போடுங்கள்.

எந்தக் கணக்குக்கும் முதலில் படம். விசைகளைக் கீறி, திசையைக் குறித்து, எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். சமன்பாட்டைப் பிரதியிடாமல் முதலில் எழுதினால், பிறகு இலக்கத்தில் பிழைத்தாலும் அந்தப் படிக்குரிய புள்ளி கிடைக்க இடமுண்டு. அலகு இல்லாத விடை பாதி விடை.

கிணற்றடிக்கு வந்த அந்தப் பிள்ளை இப்போது எந்த வினாவுக்கும் முதலில் ஒரு குட்டி வாளி கீறுகிறாள். உயர்த்தி வினா என்றாலும் வாளி, கப்பி என்றாலும் வாளி. இரண்டு அம்பு போட்டு, "மாறா" என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்குகிறாள்.